நாஷ்வில் மேடையில் எந்தக் குழுவுக்கு மாலை?

அமெரிக்க நாட்டின் தென்பகுதியில், கம்பர்லண்ட் ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது நாஷ்வில் மாநகரம். டென்னசி மாநிலத்தின் தலைநகர். ‘இசை நகரம்’ என்பது அதற்கு வழங்கும் மறுபெயர். கன்ட்ரி எனப்படும் பாட்டு வகைக்கு அதுவே தாய்வீடு. மலையடிவாரத்து உழவர்களும், பருத்திக் காட்டுக் கூலிகளும், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளும் வேலை முடிந்து வீட்டு வாசலில் அமர்ந்து பாடியதில் வளர்ந்த பாட்டு அது. பிடில், கிட்டார், பேஞ்சோ ஆகிய மூன்றும் அதற்கு உயிர்நாடி. இவற்றில் பேஞ்சோ, ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்களோடு வந்த கருவி. ஆக, வெள்ளை ஏழையும் கறுப்பு ஏழையும் சேர்ந்து பெற்ற பிள்ளை என்று இந்தப் பாட்டைச் சொன்னால் தவறில்லை.

1958ஆம் ஆண்டில் இப்பாட்டுத் தொழிலில் இருந்தவர்கள் கூடிக் கன்ட்ரி இசைச் சங்கம் ஒன்றை அமைத்தார்கள். 1967 முதல் அச்சங்கம் ஆண்டுதோறும் விருது வழங்கி வருகிறது. சிறந்த பாடகர், சிறந்த பாடகி, சிறந்த பாடல் என்று பல பிரிவுகள். அவற்றுள் ஒன்று, சிறந்த பாடற்குழு. இந்தப் பிரிவில்தான் ஆண்டுதோறும் வாய்ச்சண்டை அதிகம்.

அட்லாண்டா நகரில் என் அண்ணன் மகள் குடும்பத்தோடு இருக்கிறாள். பள்ளி விடுமுறையில் அங்கே போயிருந்தபோது, அவளுடைய கணவர் இந்தக் குழு விருதைப் பற்றியே மூன்று நாள் பேசினார். “மாமா, யார் ஜெயிப்பாங்கன்னு சொல்றது ரொம்பச் சுலபம். போன வருஷம் ஜெயிச்சவங்க பேரையே எழுதிட்டா போதும்” என்றார். வரலாற்றைப் பார்த்தால் அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஸ்டாட்லர் பிரதர்ஸ் குழு 1972 முதல் 1977 வரை தொடர்ந்து ஆறு முறை வென்றது. ராஸ்கல் பிளாட்ஸ் 2003 முதல் 2008 வரை ஆறு முறை. லிட்டில் பிக் டவுன் 2012 முதல் 2017 வரை ஆறு முறை. ஓல்ட் டொமினியன் 2018 முதல் 2024 வரை ஏழு முறை. மாலை ஒரு கழுத்தில் விழுந்தால் எளிதில் இறங்குவதில்லை.

“வெல்லப்போவது யார் என்பது சரி. வெல்லத் தகுந்தவர் யார்?” என்று கேட்டேன். “அதுக்கு நீங்க நாஷ்வில் வந்து பார்க்கணும்” என்று மாப்பிள்ளை காரைக் கிளப்பிவிட்டார்.

அட்லாண்டாவிலிருந்து நாஷ்விலுக்கு ஏறக்குறைய 400 கிலோமீட்டர். நாங்கள் சற்றுச் சுற்றிக்கொண்டு அலபாமா மாநிலத்திலுள்ள போர்ட் பெய்ன் என்ற சிற்றூர் வழியாகப் போனோம். மாநில எல்லையைத் தாண்டியதும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிக்கொள்ள வேண்டும். லுக்அவுட் என்னும் நீண்ட மலைத்தொடரின் அடியில் கிடக்கிறது அவ்வூர். ஒரு காலத்தில் காலுறை நெய்யும் ஆலைகளால் பெயர் பெற்றது. ஊர் நடுவே நான்கு இசைக்கலைஞர்களுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள். அவர்கள்தாம் ‘அலபாமா’ குழுவினர்.

ரேண்டி ஓவன், டெடி ஜென்ட்ரி, ஜெப் குக் ஆகிய மூவரும் உறவுக்காரப் பையன்கள். முதல் இருவரும் அந்த மலை மேல் பருத்தி எடுத்து வளர்ந்தவர்கள். 1973இல் தென் கரோலினா மாநிலத்துக் கடற்கரை ஊரான மிர்ட்டில் பீச்சில், ‘பவரி’ என்ற மதுக்கூடத்தில் பாடப் போனார்கள். கேட்பவர்கள் விரும்பிப் போடும் சில்லறையே வரும்படி. இப்படியே பல கோடைக்காலங்கள் கழிந்தன. 1979இல் மேளக்காரர் மார்க் ஹெர்ண்டன் சேர்ந்தார். 1980இல் பெரிய இசைத்தட்டு நிறுவனம் ஒன்று அவர்களை எடுத்துக்கொண்டது. அதுவரை கன்ட்ரி உலகில் பாடகர் ஒருவர் முன்னே நிற்பார், வாத்தியக்காரர்கள் பின்னே கூலிக்கு வாசிப்பார்கள். தாமே பாடித் தாமே வாசிக்கும் குழு உச்சிக்குப் போவது அரிதாக இருந்தது. அந்த வழியை அகலமாகத் திறந்தவர்கள் இவர்கள். 1981, 1982, 1983 மூன்று ஆண்டும் குழு விருது இவர்களுக்கே. 1985இல் இவர்கள் வெளியிட்ட ஒரு பாட்டு, வாரம் நாற்பது மணி நேரம் உழைக்கும் ஆலைத் தொழிலாளி, சுரங்கத் தொழிலாளி, உணவுக்கடைப் பணிப்பெண் ஆகியோருக்கு நன்றி சொல்வது. கைகாய்த்துப் போன மக்கள் அதைக் கேட்டுக் கண்கலங்கியதில் வியப்பில்லை.

போர்ட் பெய்னை விட்டு மதியம் நாஷ்வில் சேர்ந்தோம். பிராட்வே என்ற வீதியில் வரிசையாகப் பாட்டு விடுதிகள். ஊதா நிறம் பூசிய ‘டூட்சிஸ்’ என்ற பழைய விடுதி அவற்றுள் புகழ் பெற்றது. பட்டப்பகலிலேயே ஒவ்வொரு வாசலிலும் ஒரு குழு பாடிக்கொண்டிருந்தது. மேடைக்கு முன்னால் ஒரு கண்ணாடிச் சாடி இருக்கிறது. ஒரு டாலர், ஐந்து டாலர் என்று மக்கள் அதில் போடுகிறார்கள். மிர்ட்டில் பீச்சில் அந்தப் பையன்கள் பட்ட பாட்டை இங்கே இன்றும் நூறு பையன்கள் படுகிறார்கள். குரலில் குறையில்லாத பிள்ளைகள். ஆயினும் விருதுச் சீட்டில் இவர்கள் பெயர் வராது. அங்கே வாக்களிப்பவர்கள் பொதுமக்கள் அல்லர். பாடகர், பாடலாசிரியர், பதிவுக் கூடத்தார், வானொலிக்காரர் என்று தொழிலில் இருக்கும் சங்க உறுப்பினர்கள்தாம். மூன்று சுற்று வாக்கெடுப்பு. கடைசிச் சுற்றில் ஐந்து பெயர் நிற்கும். அவர்கள் காதுக்கு எட்டாத பாட்டு, எவ்வளவு நல்ல பாட்டானாலும் அந்த ஐந்தில் நிற்பதில்லை.

பிராட்வேக்கு அருகிலேயே ரைமன் அரங்கம். 1892இல் தாமஸ் ரைமன் என்ற நீராவிப் படகு முதலாளி சமயக் கூட்டத்துக்காகக் கட்டுவித்த செங்கல் மண்டபம். உள்ளே இன்றும் தேவாலயத்து மரப் பலகைகளே இருக்கைகள். 1943 முதல் 1974 வரை ‘கிராண்ட் ஓல் ஓப்ரி’ என்ற வானொலி நிகழ்ச்சி இங்கிருந்துதான் ஒலித்தது. அந்த நிகழ்ச்சியைத் தொடங்கியது 1925இல் ஓர் ஆயுள் காப்புறுதி நிறுவனத்தின் வானொலி நிலையம். அன்று குளிர்சாதனம் கிடையாது. கைவிசிறியால் விசிறிக்கொண்டு சனிக்கிழமை இரவெல்லாம் கேட்டார்களாம்.

1974இல் நகருக்கு வெளியே புதிய அரங்கம் கட்டிப் போனபோது, ரைமன் மேடையிலிருந்து ஆறடி அகல வட்டமாகப் பலகையை அறுத்தெடுத்துப் புது மேடையின் நடுவில் பதித்தார்கள். பாடுபவர் அந்தப் பழைய பலகை மேல் நின்றுதான் பாடுவார். 2010 மே மாதம் பெருவெள்ளம் வந்து அரங்கம் மூழ்கியது. வட்டப் பலகையை எடுத்துச் செப்பனிட்டு மறுபடியும் பதித்துவிட்டார்கள். மேடை புதியதானாலும் காலடி பழையதாக இருக்கட்டும் என்ற அந்த எண்ணம் என் மனத்தைத் தொட்டது.

அந்த மேடைக்கு இன்னொரு கதையும் உண்டு. தொடக்க காலத்தில் ஓப்ரியின் பெரும்புகழ்க் கலைஞர்களில் ஒருவர் டிபோர்ட் பெய்லி. அடிமையாக இருந்தவரின் பேரன். மவுத் ஆர்கனில் புகைவண்டி ஓடும் ஓசையை அப்படியே எழுப்புவார். 1941இல் அவரை நிகழ்ச்சியை விட்டு நிறுத்திவிட்டார்கள். அதன்பின் அதே நகரில் சப்பாத்துக்கு மெருகு போடும் கடை வைத்துப் பிழைத்தார். 1982இல் காலமானார். கன்ட்ரி இசைப் புகழ்மண்டபத்தில் அவர் பெயரைப் பொறித்தது 2005இல்! அதே ஆண்டில்தான் அலபாமா குழுவும் அம்மண்டபத்தில் இடம் பெற்றது. பருத்திக் காட்டுக் குத்தகைக் கூலியின் மகனான சார்லி பிரைடு என்ற கறுப்பினப் பாடகர் 1971இல் ஆண்டின் தலைசிறந்த கலைஞர் விருதைப் பெற்றார் என்பது சற்று ஆறுதல். தகுதி இருந்தும் மாலை வரத் தாமதமாகும் என்பதற்கு டிபோர்ட் பெய்லியே சாட்சி.

அன்றிரவு உணவு மேசையில் மாப்பிள்ளை ஒரு புதிர் போட்டார். 1984ஆம் ஆண்டில் ‘ஆண்டின் தலைசிறந்த கலைஞர்’ என்ற பெரிய விருது அலபாமா குழுவுக்கு, தொடர்ந்து மூன்றாம் முறையாகக் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு, அதே மேடையில், சிறந்த பாடற்குழு விருதை ஸ்டாட்லர் பிரதர்ஸ் கொண்டுபோனார்கள். “எல்லாரையும் விடச் சிறந்தவங்கன்னு சொல்லிட்டு, குழுவில மட்டும் வேற ஆளுக்குக் கொடுத்தா அது என்ன நியாயம் மாமா?” என்றார்.

ஸ்டாட்லர் பிரதர்ஸ் வர்ஜினியா மாநிலத்து ஸ்டாண்டன் என்ற சிற்றூர்க்காரர்கள். நால்வரில் ஹெரால்டு ரீட், டான் ரீட் இருவர் மட்டுமே உடன்பிறந்தவர்கள். ஸ்டாட்லர் என்று ஒருவருக்கும் பெயரில்லை. விடுதி அறையில் கிடந்த மெல்லிழைத்தாள் பெட்டியின் மேல் இருந்த பெயரை எடுத்து வைத்துக்கொண்டார்கள்! 1964 முதல் ஜானி கேஷ் என்ற பெரும்பாடகரோடு ஊர் ஊராகப் போய்ப் பாடிப் பழகியவர்கள். பக்திப் பாட்டில் பயின்ற குரல்கள். மேல்குரல், முதற்குரல், நடுக்குரல், அடிக்குரல் என்று நான்கும் நான்கு படிகளாக நிற்கும். எந்தப் படியும் மற்றொன்றை மறைக்காது. 1982இல் மேல்குரல் பாடிய லூ டிவிட் குடல் நோயால் விலக வேண்டியதாயிற்று. தமக்குப் பதிலாக ஜிம்மி பார்ச்சூன் என்ற இளைஞரை அவரே சுட்டிக்காட்டினார். அந்த இளைஞர் எழுதிய ‘எலிசபெத்’ என்ற பாட்டு 1984இல் முதலிடம் பிடித்தது.

நான் பள்ளிப் பாட்டுப் போட்டிகளுக்கு நடுவராகப் பல முறை அமர்ந்திருக்கிறேன். தனிப்பாட்டுக்கு ஒரு புள்ளித்தாள், குழுப்பாட்டுக்கு வேறு புள்ளித்தாள். குழுவில் ஒரு பிள்ளையின் குரல் தேனாக இருந்து, அது மற்றப் பிள்ளைகளை அமுக்கிவிட்டால் புள்ளி குறையும். ஆகவே மாப்பிள்ளையிடம் என் தீர்ப்பைச் சொன்னேன். மேடையை நிறைப்பது, ஆயிரம் பேரை எழுப்பி ஆடவைப்பது, புதுவழி திறப்பது ஆகியவற்றில் அந்த ஆண்டு அலபாமாவுக்கு நிகரில்லை. பெரிய விருது அவர்களுக்குத் தகும். ஆனால் நான்கு குரல் ஒரு குரலாவதுதான் பாடற்குழுவுக்கு இலக்கணம் என்றால், ஒரு குரல் உடைந்துபோய் இரண்டே ஆண்டில் புதுக்குரலைச் சேர்த்து மறுபடியும் ஒன்றாகி நின்றவர்களுக்கே அந்த மாலை பொருந்தும். இரண்டு விருதும் சரியான கழுத்தில்தான் விழுந்தன.

பிறந்த ஊரை மறக்காததில் இரு குழுவும் சமம். அலபாமா குழு 1982 முதல் 1997 வரை போர்ட் பெய்னில் ஆண்டுதோறும் கச்சேரி நடத்தி, திரண்ட பணத்தை அறப்பணிகளுக்குக் கொடுத்தது. ஸ்டாட்லர் குழுவினர் தாங்கள் சிறுவயதில் படித்த பள்ளிக் கட்டடத்தை வாங்கி அலுவலகமாக வைத்துக்கொண்டார்கள். பிற்காலத்தில் அது மறுபடியும் பள்ளிக்கூடமாகவே ஆகிவிட்டது.

மறுநாள் காலை, நான் கேட்டுக்கொண்டதற்காக பிஸ்க் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். விடுதலை பெற்ற அடிமைகளுக்குக் கல்வி கொடுக்க 1866இல் தொடங்கிய பள்ளி அது. சில ஆண்டுகளிலேயே பணமில்லாமல் மூடும் நிலை வந்தது. பள்ளியின் பொருளாளரும் இசை ஆசிரியருமான ஜார்ஜ் ஒயிட், 1871இல் ஒன்பது மாணவர்களை அழைத்துக்கொண்டு பாடிப் பணம் சேர்க்கப் புறப்பட்டார். அவர்களில் பெரும்பாலோர் அடிமைகளாகப் பிறந்தவர்கள். தங்கள் தாய் தந்தையர் காட்டு வேலையில் பாடிய பக்திப் பாட்டுகளையே பாடினார்கள். 1873இல் இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியின் முன்னும் பாடினார்கள். சேர்ந்த பணத்தில் 1876இல் எழுந்த ஜூபிலி மண்டபம் இன்றும் உயர்ந்து நிற்கிறது. அந்தக் குழுவின் வழிவந்த மாணவர்கள் இன்றும் பாடுகிறார்கள். 2021இல் அவர்களுக்கு கிராமி விருது கிடைத்தது. முதல் ஒன்பது பேர் புறப்பட்டு அப்போது 150 ஆண்டுகள் ஆகியிருந்தன.

மண்டபத்தின் முன்னே நின்றபோது மாப்பிள்ளை வெகுநேரம் பேசவில்லை. பிறகு, “இவங்க பேரு நம்ம பட்டியல்லயே இல்லையே மாமா” என்றார்.

அன்பர்களே! நம் தோட்டத்துத் திருவிழாக்களிலும் பள்ளி விழாக்களிலும் போட்டிகள் நடக்கின்றன. இன்னாருக்குத்தான் பரிசு என்று முன்கூட்டியே சொல்பவர்கள் எங்கும் உண்டு. அவர்கள் சொல்வது பெரும்பாலும் பலிக்கும். போன ஆண்டுப் பெயரைச் சொன்னால் பலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் தகுந்தவர் யார் என்று சொல்ல விரும்புபவர், கடைசியாகப் பாடும் குழு மேடையை விட்டு இறங்கும்வரை நாற்காலியை விட்டு எழாமல் கேட்க வேண்டும். மேடைக்கே அழைக்கப்படாதவர் யார் என்றும் ஒருமுறை சுற்றிப் பார்க்க வேண்டும்.