கூட்டலும் கழித்தலும்: கூடைப்பந்தாட்டத்தில் ஓர் அளவுகோல்

வாவி சூழ்ந்த புளியந்தீவிலே கூடைப்பந்தாட்டம் வேரூன்றிய வரலாறு அமெரிக்க யேசுசபைத் துறவியரோடு பிணைந்தது. 1873 ஆம் ஆண்டு தோன்றிய புனித மிக்கேல் கல்லூரிக்கு அவர்கள் வந்தபோது இவ்விளையாட்டும் உடன்வந்தது. லூசியானா மாநிலத்தவரான இயூஜின் ஹேபியர் அடிகள் திருகோணமலை புனித சூசையப்பர் கல்லூரியிலும் மிக்கேல் கல்லூரியிலும் தலைமுறை தலைமுறையாக மாணவரைப் பயிற்றினார். கிறிக்கெற் கோலோச்சிய நாட்டில் இச்சிறு நகரம் கூடைப்பந்தால் பெயர்பெற்றது. இத்தகைய ஊரில், ஆடுவோனின் தரத்தை எண்ணால் அளக்கலாமா என்பது வெறும் ஏட்டு வினா அன்று. அணியில் பன்னிருவருக்கே இடமுண்டு; பதின்மூன்றாமவன் கரையில் நிற்கிறான். அவனை நிறுத்திய காரணம் நியாயமானதா என்பதே கேள்வி.

ஆட்டப் பதிவேடு பந்தைக் கூடையில் இட்டவனின் பெயரைச் சொல்லும். எதிரியின் வழியை மறித்து நின்றவனையும், தோழன் தடையின்றி எய்வதற்கு இடந்தேடிக் கொடுத்தவனையும் அது அறியாது. இக்குறையை நீக்க எழுந்ததே கூட்டல் கழித்தல் கணக்கு. ஒருவன் களத்தில் நின்ற நேரத்தில் அவனது அணி பெற்ற புள்ளிகளிலிருந்து எதிரணி பெற்றவற்றைக் கழித்தால் எஞ்சுவதே அவனுடைய எண். பனித்தள ஹொக்கியில் 1950களில் மொன்றியல் அணியினர் இதனைக் கையாண்டனர். அமெரிக்கத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சங்கம் 2007-08 பருவத்தில் தன் ஆட்ட அட்டவணைகளில் இதற்கு இடமளித்தது.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்க. நாற்பது நிமிட ஆட்டத்தில் ஓர் அணி 62க்கு 58 என வென்றது. அவ்வணியில் ஒருவன் 22 நிமிடம் ஆடி இரண்டே புள்ளிகள் எடுத்தான். ஆனால் அவன் நின்ற வேளையில் அணி 38 புள்ளிகளைப் பெற்று 29ஐக் கொடுத்தது. அவன் அமர்ந்திருந்த 18 நிமிடத்தில் 24ஐப் பெற்று 29ஐக் கொடுத்தது. அவனுடைய எண் கூட்டல் ஒன்பது. பதினெட்டுப் புள்ளி எடுத்த தோழனின் எண் கழித்தலாகவும் இருக்கலாம். பழைய பதிவேடு மறைத்த ஒருவனை இக்கணக்கு வெளிக்கொணர்கிறது. அதன் பெருமை அது.

அதன் வலுவின்மையும் அங்கேயே தொடங்குகிறது. மாரிக்காலத்தில் வாவியின் நீர்மட்டம் உயர்கிறது. முகத்துவாரத்து மணற்றிடல் உடைந்தால் இறங்குகிறது. மட்டத்தை மட்டும் அளப்பவன் மழை எவ்வளவு தந்தது, ஆறுகள் எவ்வளவு தந்தன, கடல் எவ்வளவு வாங்கியது என்று கூற இயலாது. ஐவர் சேர்ந்து ஈட்டியதை ஐவர் பெயரிலும் முழுமையாக எழுதுவதே இக்கணக்கு. ஆகவே அணியினர் அனைவரின் எண்களையும் கூட்டினால் வெற்றி வித்தியாசத்தின் ஐந்து மடங்கு வரும். மேற்கண்ட ஆட்டத்தில் இருபது. சிறந்த ஆட்டக்காரனோடு எப்போதும் களமிறங்குபவன் அவனது நிழலில் உயர்ந்த எண்ணைப் பெறுவான். எதிரணியின் தேர்ந்த ஐவரையே எதிர்கொள்ளப் பணிக்கப்பட்டவன் தாழ்ந்த எண்ணோடு திரும்புவான். எதிரி தண்ட எறிகளைத் தவறவிட்டால் அதுவும் களத்தில் நின்றோர் கணக்கிலேயே வரவாகும். அதில் அவர்கள் செய்தது யாது?

மட்டக்களப்பின் கொம்புமுறியில் வென்றது வடசேரியா தென்சேரியா என்றே கேட்பர். எந்தக் கை எத்துணை இழுத்தது என்று எவரும் கேட்பதில்லை. அந்த அறியாமையில் ஒரு நேர்மை இருந்தது. கணிதம் அறிந்தோர் அதனோடு அமைதி கொள்ளவில்லை. ஒவ்வோர் ஆள்மாற்றத்துக்கும் இடைப்பட்ட துண்டு நேரத்தை ஒரு சமன்பாடாக்கி, களத்தில் நின்ற பதின்மரையும் அதில் நிறுத்தி, ஒவ்வொருவரின் பங்கைப் பிரித்தெடுக்க முயன்றனர். டான் ரோசன்பாம் என்னும் பொருளியலாளர் 2004 இல் இத்தகைய திருத்திய கணக்கை வெளியிட்டார். எண்கள் கண்டபடி ஊசலாடியமையால், பின்வந்தோர் ஒவ்வொருவரையும் சராசரியை நோக்கிச் சற்றே இழுக்கும் முறையைச் சேர்த்தனர். ஓர் அணி ஒரு பருவத்தில் 82 ஆட்டங்கள் ஆடும் நாட்டிலேயே இத்தனை பாடு. விரல்விட்டு எண்ணத்தக்க ஆட்டங்களே கொண்ட பாடசாலைப் பருவத்தில், ஒருவனை நீக்குவதற்கு இவ்வெண்ணைச் சான்றாகக் காட்டுவது கொடுமையாகும்.

களத்தில் இறங்காதவனுக்கு இக்கணக்கில் எண்ணே இல்லை. ஹேபியர் அடிகள் எத்தனையோ ஆட்டங்களைக் கோட்டுக்கு வெளியே இருந்து நடத்தினார். 1990 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆம் நாள், போர்ச்சூழலில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குப் புறப்பட்டவர் வந்துசேரவில்லை. உடன்சென்ற இளைஞரும் திரும்பவில்லை. அதன்பின் அவ்வூரில் ஆடப்பட்ட ஆட்டங்களில் அவரின்மை எத்தனை புள்ளி என்று எந்தப் பதிவேடும் கூறாது.

ஆயினும் இக்கணக்கை முற்றாக ஒதுக்க வேண்டியதில்லை. ஆள்மாற்றம் நிகழுந்தோறும் நேரத்தையும் புள்ளிகளையும் குறித்துவைக்க ஒரு கொப்பியும் பென்சிலும் போதும். ஒரு மாணவனின் எண் பல ஆட்டங்களில் எதிர்பாராத வகையில் உயர்ந்தோ தாழ்ந்தோ நின்றால், பயிற்றுநர் அடுத்த ஆட்டத்தில் பந்தை விட்டு அவனையே பார்க்கலாம். எப்போதும் சேர்ந்தே இறங்கும் இருவரைப் பயிற்சி ஆட்டமொன்றில் எதிரெதிர் அணிகளில் ஆடவிட்டும் பார்க்கலாம்.