மூன்று தாளில் ஓர் ஆறு

பெரியப்பா சர்வே இலாகாவில் இருந்தவர். வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு அவர் வந்தாலே தகரக் குழாயின் மூடி திறக்கும், அந்துருண்டையும் பழைய கஞ்சித் துணியும் கலந்த வாசனை கூடமெல்லாம் பரவும், அடுப்படியில் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் வதங்கும் வாசனைகூட அதற்கு வழிவிட்டு நிற்கும். துணி ஒட்டிய வரைபடங்கள் மூன்றை ஓரம் சேர்த்து சிமெண்டுத் தரையில் விரிப்பார். சுருண்டுவிடாமலிருக்க மூலைக்கு ஒன்றாக ஆழாக்கு, படி, செம்பு, அப்புறம் என் முழங்கால்.

இடக்கோடியில் ஆம்பூர், நடுவில் மாதனூர், பள்ளிகொண்டா, வலது தாளில் வேலூர். ஓர் அங்குலம் ஒரு மைல். பெரியப்பாவின் கட்டைவிரல் மேல்கணு ஓர் அங்குலம். அந்தக் கையைப் பிடித்து இழுத்தபடி ஆம்பூரிலிருந்து தவழ்ந்தே வீடு வந்து சேர்வேன். தெற்கே ஜவ்வாது மலை, வடக்கே பேரணாம்பட்டுப் பக்கத்து மலைகள், எல்லாம் பழுப்புக் கோடுகள். "கோடு நெருங்கியிருந்தா செங்குத்து, தள்ளித் தள்ளி இருந்தா கைனி" என்பார்; கழனியைத்தான் அப்படிச் சொல்வார். நடுவிலிருக்கும் பள்ளத்தாக்கில்தான் பாலாறும், ரயில் பாதையும், பெங்களூர் ரோடும் ஒன்றையொன்று விடாமல் போகும். ஆற்றுத் தண்ணீரை நம்பித் தோல் பதனிடும் ஷாப்புகளும் அங்கேயே வந்தன. பஸ்ஸில் கண்ணை மூடியிருந்தாலும் சுண்ணாம்பும் பச்சைத்தோலும் கலந்த நெடி ஆம்பூர் வந்ததைச் சொல்லிவிடும்; வரைபடத்தில் அது இல்லாதது எனக்கு ஒரு குறை.

"இன்னா பெரிப்பா, ஆத்துல நீலமே காணோம்?" அகலமான ஆற்றுக்குள் வெறும் புள்ளிகள்தான் இருந்தன.

"அது மணல் கண்ணு. தண்ணி அடியில போவுது."

மறுநாள் காலையில் கூட்டிப்போய்க் காட்டினார். முழங்கை ஆழம் தோண்டினோம். ஊத்து சுரந்தது, கலங்கி, மெல்லத் தெளிந்தது. உள்ளங்கையில் அள்ளிக் குடித்த அந்தச் சில்லிப்பை இன்றைக்கும் மறக்கவில்லை.

நந்தி மலையில் பிறந்து வயலூரில் கடல் சேரும் பாலாறு 348 கிலோமீட்டர். அதில் 222 தமிழ்நாட்டில். மலட்டாறும் கவுண்டன்ய நதியும் மலைகளிலிருந்து மெல்லிய கோடுகளாய் இறங்கி அதில் சேர்வதை அந்தத் தாள்களில்தான் பார்த்தேன். பின்னாளில் மணலும் போனது, தோல் கழிவும் சேர்ந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், மாசுபடுத்தியவர்களே ஈடுகட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆறு இன்னும் தேறவில்லை.

வேலூர்த் தாளின் பழைய எண் 57 பி/1. உங்கள் ஊருக்கும் ஒரு தாள் உண்டு. ஊர் ஆறு எந்த மலையிலிருந்து இறங்குகிறது என்று அதில் பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள்.