சட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிற ஆக்கள்

றியாலிட்டி ஷோ பார்க்கிறோம் என்று சொன்னால் எங்கட வட்டத்தில் ஒரு மாதிரித்தான் பார்ப்பார்கள். புத்தகம் வாசிக்கிற, படம் திரையிடுகிற, கூட்டம் வைத்துக் கதைக்கிற ஆக்கள் இதையெல்லாம் பார்க்கலாமோ என்ற கேள்வி அந்தப் பார்வையில் இருக்கும். பார்க்கிறோம். ஒரு பகுதி விடாமல் பார்க்கிறோம். ஆனால் எல்லாவற்றையும் இல்லை. ஆட்களை ஒரு வீட்டுக்குள் அடைத்துச் சண்டை பிடிக்க விடுகிற நிகழ்ச்சிகள் எங்களுக்கு ஒத்துவராது. யாராவது எதையாவது செய்யவேண்டும். கேக் சுடவேண்டும், கண்ணாடி ஊதவேண்டும், சட்டி பானை வனையவேண்டும். நேரம் முடியும்போது மேசையில் ஒரு பொருள் இருக்கவேண்டும். அப்படிப் போட்டி எண்டால் எங்களுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

முதலில் எங்களைப் பிடித்துக்கொண்டது 2019 இல் நெட்ஃபிளிக்ஸில் வந்த ‘ப்ளோன் அவே’. கனடாவின் ஹமில்டன் நகரில் ஒரு பெரிய பட்டறை, பத்துக் கண்ணாடிக் கலைஞர்கள். உலை 1000 பாகை செல்சியசுக்கும் மேல். உருகிய கண்ணாடியை நீளக் குழாயின் நுனியில் எடுத்து, ஊதி, உருட்டி, திரும்பத் திரும்பச் சூடாக்கி உருவம் கொடுக்கவேண்டும். உருட்டுவதை நிறுத்தினால் தேன் மாதிரி ஒரு பக்கமாக வழியும். சட்டென்று ஆறினால் வெடிக்கும். எல்லாம் சரிவந்து, குழாயிலிருந்து கழற்றுகிற கடைசி நேரத்தில் நிலத்தில் விழுந்து நொறுங்குவதும் உண்டு. நொறுங்கினால் செய்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பார், மணிக்கூட்டைப் பார்ப்பார், திரும்ப உலைக்கு நடப்பார். அந்த நடையைப் பார்க்கத்தான் நாங்கள் இரவிரவாக முழித்திருந்தோம். இன்னொன்று, கண்ணாடியைப் பெரும்பாலும் தனிய ஊதுவதில்லை. ஒருவர் உருட்ட மற்றவர் ஊதவேண்டும், உலைக் கதவைத் திறக்க இன்னொருவர் வேண்டும். வெல்பவர் ஒருவர்தான் என்றாலும் வேலை பல கைகளுடையது.

2010 இல் பிபிசியில் தொடங்கிய ‘த கிரேட் பிரிட்டிஷ் பேக் ஓஃப்’ இதைவிட மென்மையானது. வெல்பவருக்கு ஒரு சதம் காசு இல்லை, ஒரு கேக் தட்டும் பூங்கொத்தும்தான். அதில் இரண்டாவது சுற்று எங்களுக்கு மிகவும் விருப்பம். எல்லோருக்கும் ஒரே செய்முறைதான், அதிலும் முக்கியமான விளக்கங்களை எடுத்துவிடுவார்கள். ‘பேக் பண்ணவும்’ என்று இருக்கும், எத்தனை நிமிடம் என்று இராது. செய்து முடித்ததும் வரிசையாகக் கொண்டுவந்து வைப்பார்கள். எது யாருடையது என்று தெரியாமல்தான் நடுவர்கள் ருசி பார்ப்பார்கள். பெயர் இல்லை, ஊர் இல்லை. அடி வேகவில்லை, இனிப்புக் கூட, இது நல்ல பதம். அவ்வளவுதான் கதை. “தம்பி எவடம்? அங்க ஆற்ற ஆக்கள்?” என்று கேட்டு ஆளை அளக்கிற ஊரில் வளர்ந்த எங்களுக்கு அந்தச் சுற்றுத் தருகிற நிம்மதி கொஞ்சநஞ்சம் இல்லை.

போட்டி எங்களுக்குப் புதிதும் இல்லை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலில் தொடங்கி உயர்தரம் வரைக்கும், ரியூசன் ரியூசனாக ஓடின ஆக்கள்தான் நாங்கள். கடைசியில் கையில் கிடைப்பது ஒரு இசற் புள்ளியும், மாவட்ட நிலையும், தீவு நிலையும். நாலு தசமதானம் வரைக்கும் துல்லியமாக இருக்கும். ஆனால் எந்த விடையில் எங்கட யோசனை நன்றாக இருந்தது, எந்த இடத்தில் சறுக்கினது என்று அது சொல்லாது. இந்த நிகழ்ச்சிகளில் நடுவர் பொருளைத் தொட்டு, வெட்டி, கவிழ்த்துப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறார். ‘கைபிடி பாரம், ஆனால் விளிம்பு வடிவாக வந்திருக்கு’ என்கிற மாதிரி. குறை சொல்வது வேலையை, ஆளை இல்லை. கேட்டவர் அடுத்த கிழமை கைபிடியைத் திருத்திக்கொண்டு வருகிறார். ‘உனக்கு ஒண்டும் ஏறாது’ என்று கேட்டு வளர்ந்த ஒருவருக்கு இதுவே பெரிய அதிசயம்.

பாட்டுப் போட்டிகளும் திறமைப் போட்டிகள்தானே என்று கேட்பீர்கள். ஓம். 2023 இல் யாழ்ப்பாணத்துப் பிள்ளை ஒன்று இந்தியத் தமிழ்ச் சனலின் பாட்டுப் போட்டியில் வென்றபோது ஊரோடு சேர்ந்து நாங்களும் சந்தோசப்பட்டோம். ஆனால் இலங்கையிலிருந்து ஒருவர் மேடை ஏறினால், பாட்டுக்கு முன்னமே ஒரு சோகக் கதை வரும் என்பது எங்களுக்குத் தெரியும். பின்னால் வயலின் இழுபடும். நடுவர்கள் கண்ணைத் துடைப்பார்கள். எங்களுக்கு நடந்ததைச் சொல்லக்கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. சுருதி சேர்ந்ததா, தாளம் நின்றதா என்பதையும் அதே கவனத்தோடு சொல்லவேண்டும். எங்கட பிள்ளைகளைப் பார்த்து அழுகிறவர்கள் இருக்கட்டும், அவர்களின் பாட்டைக் கேட்கிறவர்களும் வேண்டும்.

அதனால்தான் 2021 மாஸ்டர்செஃப் அவுஸ்திரேலியாவின் இறுதிப் போட்டி எங்களுக்குப் பெரிய விசயமாக இருந்தது. வங்காளப் பின்னணி கொண்ட கிஷ்வர் சௌத்ரி அங்கே சமைத்தது பாந்தா பாத். சோற்றைத் தண்ணீரில் ஊறவைத்து, உருளைக்கிழங்கு மசியலும் மீனும் சேர்த்த சாப்பாடு. எங்கட பழஞ்சோற்றுக்குச் சொந்தக்காரச் சாப்பாடுதான். அவருக்கு மூன்றாம் இடம் கிடைத்தது. 2024 இல் பிபிசியின் மாஸ்டர்செஃப்பில் வென்றவர் பிரின் பிரதாபன், இலங்கைத் தமிழ்ப் பெற்றோரின் மகன். தொழில், மிருக வைத்தியர். இதை வீட்டில் சொன்னபோது வந்த பதில்: “பாத்தியளோ, முதல் டொக்டராகிப் போட்டுத்தான் சமைக்கப் போயிருக்கிறார்.”

அந்தப் பகிடிக்குள்தான் எங்கட பிரச்சினையும் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ள ‘த கிரேட் பொட்டரி த்ரோ டவுன்’ பார்க்கவேண்டும். 2015 இல் பிபிசியில் தொடங்கி, பிறகு சனல் 4 பக்கம் போன நிகழ்ச்சி. சனல் 4 என்றால் எங்கட சனத்துக்கு 2011 இல் வந்த ஆவணப்படம்தான் ஞாபகம் வரும். அதே சனலில் கீத் பிரைமர் ஜோன்ஸ் என்ற உயரமான மனிதர், நன்றாக வந்த ஒரு மண் பாத்திரத்தைப் பார்த்துக் கண்கலங்குகிறார். கிட்டத்தட்ட ஒவ்வொரு பருவத்திலும் அழுகிறார். நடத்துவது இங்கிலாந்தின் ஸ்டோக்-ஒன்-ட்ரென்ட்டில், மட்பாண்டத்துக்கே பெயர்போன நகரம் அது. தொடக்கத்தில் சூளையைப் பார்த்துக்கொண்டு நின்ற ரிச் மில்லர் 2021 இல் நடுவராகிவிட்டார். சூளைக்காரர் நடுவர் கதிரையில் இருப்பதைப் பார்த்தபோது எங்களில் ஒருத்தி கை தட்டினாள்.

ஏன் தட்டினாள் என்று அவளும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. விளங்கினது. எங்கட ஊரில் சட்டி பானை வனைவது ஒரு திறமை என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அது ஒரு சாதியின் பெயராகத்தான் எங்களுக்கு முதலில் தெரியவந்தது. கொல்லுவேலையும் தச்சுவேலையும் அப்படித்தான். ‘படிக்காட்டி மாடு மேய்க்கத்தான் போவாய்’ என்று வெருட்டி வளர்த்தார்களே, மாடு மேய்க்கிறவருக்கு எவ்வளவு தெரியவேண்டும் என்று யாராவது சொன்னார்களா? பிறப்போடு ஒட்டிவிட்ட தொழிலில் ஒருவர் எவ்வளவு நுணுக்கமாகச் செய்தாலும், ‘அது அவையின்ர வேலைதானே’ என்பதோடு கதை முடிந்துவிடும். பாராட்டு இல்லை. திருத்தமும் இல்லை. பேரம் மட்டும் உண்டு.

இந்த நிகழ்ச்சிகள் அதை மாற்றிவிடும் என்று நாங்கள் நினைக்கவில்லை. அங்கே வனைகிறவர்களில் கனபேருக்கு அது விருப்பத்துக்குச் செய்கிற வேலை. பானை வெடித்தால் வீட்டுக்குப் போவார்கள், அடுப்பு அணையாது. வனைந்து பிழைக்கிற குடும்பங்கள் அலுமினியத்தோடும் பிளாஸ்டிக்கோடும் போட்டி போடுகின்றன. அந்தப் போட்டிக்கு நடுவரும் இல்லை, கமராவும் இல்லை. ஆனாலும் ஒரு வேலையை எப்படிப் பார்ப்பது என்று இந்த நிகழ்ச்சிகள் எங்களுக்குப் பழக்கியிருக்கின்றன. விளிம்பு ஒரே தடிப்பா, அடி பாரமா, காய்ந்த விதம் சரியா என்று கண் தானாகப் போகிறது.

போன தைப்பொங்கலுக்குப் பானை வாங்கப் போனபோது, ஒன்றை எடுத்துக் கவிழ்த்து அடியைத் தடவிக்கொண்டு நின்றோம்.

“ஓட்டை கீட்டை ஒண்டும் இல்லைப் பிள்ளையள், நம்பி எடுங்கோ” என்றார் விற்ற அம்மா.

“ஓட்டை பாக்கேல்லை அம்மா. இவ்வளவு மெல்லிசா ஒரே அளவில எப்பிடி வருது?”

அவர் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பி ஐயாவைக் கூப்பிட்டார். எந்தக் குளத்து மண், மணல் எவ்வளவு, எத்தனை நாள் நிழலில் வைக்கவேண்டும், பலகையால் தட்டும்போது உள்ளே எதைக் கொடுத்துப் பிடிக்கவேண்டும் என்று அரை மணித்தியாலம் நின்று சொன்னார். அதில் பாதிச் சொற்கள் நாங்கள் கேள்விப்படாதவை. பானையின் விலையை நாங்கள் குறைத்துக் கேட்கவில்லை. அந்தச் சொற்களை எழுதிக்கொண்டு வந்திருக்கிறம். அடுத்த கட்டுரை அதுதான்.