நிழலுக்கென்றே ஒரு புல்

டோக்கியோவிலிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் போனால் ஹகோனே மலையடிவாரம். அங்கே ஒரு குட்டி ரயிலுக்கு மாற வேண்டும். ஏற்றம் கடுமையாக இருப்பதால் அது மூன்று இடங்களில் நின்று, திசை மாறி மாறி மலையேறுகிறது. ஒவ்வொரு தடவையும் டிரைவரும் கண்டக்டரும் இறங்கி நடந்து இடம் மாற்றிக்கொள்கிறார்கள்! மேலே ஓவாகுதானி என்ற இடத்தில் கந்தக ஆவி புகைகிறது. அங்கே வெந்நீர் ஊற்றில் அவித்து ஓடு கறுத்த முட்டை ஒன்று தின்றால் ஆயுசில் ஏழு வருஷம் கூடுமாம். எனக்கு முட்டை ஆகாது. நான் போனதே ஒரு புல்லைப் பார்க்கத்தான். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

மகளின் பிரசவத்துக்காக மார்ச் ஆரம்பத்தில் டோக்கியோ போயிருந்தேன். வடக்குப் பார்த்த வீடு. பால்கனியில் வெயிலே விழாது. தெற்குப் பார்த்த வீடு வேண்டுமென்றால் வாடகை கூட. குழந்தை பிறந்த பிறகு மகள் ஜன்னலோரம் உட்கார்ந்து காரணமில்லாமல் அழுவாள். பிள்ளை பெற்ற புதிதில் சிலருக்கு இப்படி வரும், தானே சரியாகும் என்றுதான் முதலில் இருந்தேன். இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை. டாக்டரிடம் கூட்டிப் போனோம். (இதை மட்டும் வெட்கப்பட்டுக்கொண்டு மூடி வைக்காதீர்கள், சகோதரிகளே.)

அந்தச் சமயத்தில்தான் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு தொட்டியைக் கொடுத்தார். உள்ளே ஒட்ட வெட்டிய வைக்கோல் தாள்கள் மட்டும். "பாரும்மா, செத்த செடியைக் கொண்டுவந்து கொடுக்கறாங்க" என்றாள் மகள். எனக்கும் அப்படித்தான் பட்டது. ஏப்ரல் நடுவில் தாள்களுக்கிடையே ஊசி ஊசியாகப் பச்சை எட்டிப் பார்த்தது. மகள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். அதுதான் ஹகோனே புல்.

ஜப்பானுக்கே சொந்தமான புல் இது. அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'ஃபூச்சிசோ'. காற்றை அறிந்த புல் என்று அர்த்தம். லேசாகக் காற்று வந்தாலும் முதலில் அசைவது இதுதான். இன்னொரு பெயருக்குப் 'பின்புற இலைப் புல்' என்று பொருள். இலை அடியிலேயே முறுக்கிக்கொள்வதால் அதன் மேல்புறம் கீழே பார்க்கிறது, அடிப்புறம் மேலே தெரிகிறது. தொட்டுப் பார்த்தால்தான் நம்புவீர்கள்.

மே மாதம் ஹகோனேயில், ஓடை ஓரத்தில் நீர் கசியும் பாறை இடுக்கில் அதைப் பார்த்தேன். மண் என்று ஒரு கைப்பிடி இருக்காது. தலை வாரி விட்டாற்போல எல்லா இலையும் ஒரே பக்கம் சரிந்து தொங்குகிறது. தண்ணீர் வேண்டும், ஆனால் தேங்கக்கூடாது என்பது அந்தப் பாறையைப் பார்த்ததும் விளங்கிவிட்டது.

தொட்டியில் வைத்தாலும் அதே கதைதான். இலை மக்கு கலந்த பொலபொலப்பான மண், அடியில் நல்ல வடிகால். பிற்பகல் வெயில் பட்டால் நுனி கருகும். பாட்டி கொடுத்தது 'ஆரியோலா' ரகம், மஞ்சள் இலையில் மெல்லிய பச்சைக் கோடு. 2009-ல் அமெரிக்காவில் பல்லாண்டுச் செடி வளர்ப்போர் சங்கம் அந்த ஆண்டின் செடியாகத் தேர்ந்தெடுத்த ரகம். கும்மிருட்டான நிழலில் மஞ்சள் குறைந்து இளம்பச்சையாகிவிடும், அதுவும் அழகுதான். நம் அருகம்புல் நிழலில் வைத்தால் மெலிந்து போகும், இது கொழிக்கிறது. ஆனால் வளர்த்தி ரொம்ப நிதானம். அவசரக்காரர்களுக்கு லாயக்கில்லை. குளிர்காலத்தில் மேலே எல்லாம் காய்ந்துவிடும். புதுத் துளிர் வருமுன் அடியோடு வெட்டிவிட வேண்டும்.

ஒரு வேரைப் பெட்டியில் சொருகிக்கொள்ளலாமா என்று மனசு அடித்துக்கொண்டது. இறக்குமதி அனுமதியும் நோயில்லை என்ற சான்றும் இல்லாமல் செடி கொண்டுவரக்கூடாது என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். வந்தாலும், குளிரில் தூங்கி எழுந்து பழகிய புல்லுக்குச் சென்னை வெக்கை தாங்குமா?

மே கடைசியில் நான் கிளம்பும்போது இலைகள் தொட்டி விளிம்பைத் தாண்டிச் சரிந்திருந்தன. அதைப் பிரித்து நடுவதற்கு வசந்தத்தின் ஆரம்பம்தான் காலம். கூரான கத்தியால் வேர்க்கொத்தை வெட்ட வேண்டும், துண்டுகள் ரொம்பச் சின்னதாகிவிடக்கூடாது என்று பாட்டி சைகையிலேயே சொல்லிக் கொடுத்தார். இன்னொரு தொட்டி எங்கே வைப்பது என்று மகள் பால்கனியில் அளந்துகொண்டிருந்தாள்.