ஒரே செடி, இரண்டு உயரங்கள்

பாரிஸின் லாசப்பல் மரக்கறிக் கடைகளில் லீக்ஸ் வாங்கும்போது வேர்க்குஞ்சம் ஒட்ட நறுக்காத கட்டாகப் பார்த்து எடுப்பேன். வேருக்குள் வாழும் பூஞ்சையைப் பார்க்கப் பழகுபவர்களுக்கு முதல் பாடம் லீக்ஸ்தான். அதன் வேர் தடித்தது, வெள்ளையானது, அதிகம் கிளைக்காதது.

மண் ஆய்வுகூடத்தில் என் வேலை வேர்களோடுதான். ஆல்ப்ஸ் சரிவின் வெவ்வேறு உயரங்களில் தோண்டிய செடிகள் குளிர்ப்பெட்டியில் வந்து சேரும். வேரை மெதுவாக உதறினால் கொட்டும் மண் பொதுமண். உதறிய பின்னும் வேரோடு ஒட்டி நிற்கும் சில மில்லிமீட்டர் மண்தான் எங்களுக்குத் தேவை. அதைத் தூரிகையால் எடுக்கிறோம். எடுக்கும் கை பொறுமையற்றதாக இருந்தால், பிறகு எந்தக் கருவியாலும் அதைச் சரிசெய்ய முடியாது.

வேரைக் கழுவி, 10 சதவீதப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கண்ணாடிபோல் தெளியும்வரை சூடாக்குவோம். பிறகு வினாகிரியில் 5 சதவீதம் பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்கவிடுவோம். 1998இல் வெளியான முறை இது. மலிவானது, நஞ்சு குறைந்தது. நுண்ணோக்கியில் வைத்தால், வேரின் உயிரணுக்களுக்குள் நீல நிறத்தில் நுண்ணிய கிளைக்கொத்துகள் தெரியும். செடி சர்க்கரையைக் கொடுத்து பொஸ்பரசை வாங்கும் இடம் அதுதான். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி.

மேலே போகப்போக இந்த நீலம் பெரும்பாலும் குறைகிறது. அதற்குப் பதிலாக, மை படுமுன்பே பழுப்பாக இருக்கும், குறுக்குச்சுவர் கொண்ட இழைகள் கூடுகின்றன. உயர்மலை வேர்களில் இவை மிகச் சாதாரணம். ஆனால் 'உயரம் கூடினால் வேர்ப்பூஞ்சை குறையும்' என்று ஒரே வரியில் எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். உயரம் தானாக எதையும் செய்வதில்லை. 1000 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 6.5 பாகை குளிர்கிறது. குளிரில் சருகு மெதுவாக உக்குகிறது. நைதரசனும் பொஸ்பரசும் அந்த உக்காத சருகுக்குள்ளேயே பூட்டிக் கிடக்கின்றன. பல இடங்களில் மண்ணும் அமிலமாகிறது. நீலக் கொத்துப் பூஞ்சைகளுக்குச் சருகை உடைக்கும் திறன் மிகக் குறைவு. ரோடோடென்ட்ரன் குடும்பத்தின் வேரில் வாழும் வேறு வகைப் பூஞ்சைகளுக்கோ அந்தத் திறன் உண்டு. ஆல்ப்ஸிலும் நீலகிரியிலும் ஹோர்ட்டன் சமவெளியிலும் அந்தச் செடிகள் ஏழை மண்ணில் நின்றுபிடிப்பதற்கு இந்தக் கூட்டு ஒரு முக்கிய காரணம்.

செடியே மாறினால் கணக்கும் மாறும். 1868 மீட்டரில் இருக்கும் நுவரெலியாவில் லீக்ஸும் கோவாவும் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளில் விளைகின்றன. லீக்ஸ் இந்தப் பூஞ்சையோடு கூட்டுச் சேரும் செடி. கோவா சேராத குடும்பம், பீட்ரூட்டும் அப்படித்தான். பொஸ்பேற் உரத்தை அள்ளிப் போட்ட பாத்தியில் லீக்ஸ் வேரிலும் நீலம் குறையும். உயரம் ஒன்றே, விடைகள் மூன்று.

ஆகவே ஒரே செடியை இரண்டு உயரங்களில் பார்க்கவேண்டும். சோர்போன் பேராசிரியர் காஸ்தோன் பொன்னியே 19ஆம் நூற்றாண்டிலேயே ஒரே செடியைப் பிளந்து, ஒரு பாதியை மலையிலும் மறு பாதியைச் சமவெளியிலும் நட்டார். சமவெளி இனம் மலை இனமாகவே மாறியது என்ற அவருடைய முடிவு பின்னாளில் நிற்கவில்லை. ஆனாலும் பிளந்து நட்ட அந்த யோசனை இன்றும் நல்ல யோசனைதான். கார் து நோரில் 5ஆம் இலக்க மெத்ரோ ஏறி ஒஸ்தெர்லிட்ஸில் இறங்கினால், ஜார்தன் தே பிளாந்தின் ஆல்பைன் தோட்டத்தில் மலைச்செடிகள் நகர மட்டத்தில் பூத்து நிற்பதைப் பார்க்கலாம். அழகான இடம். ஆனால் அந்த மண் தோட்டக்காரர்கள் கலந்த மண் என்பதால், உயரத்தின் வேலை எது, மண்ணின் வேலை எது என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியாது.

இப்போது மரபணு வாசிப்பு பூஞ்சைகளின் பெயர்ப்பட்டியலையே தந்துவிடுகிறது. செத்த இழையின் மரபணுவும் அந்தப் பட்டியலில் வந்துவிடும். பூஞ்சை உண்மையில் வேருக்குள் குடியேறியிருக்கிறதா என்பதற்கு மை ஊட்டிய வேர்தான் சாட்சி. இரண்டும் வேண்டும்.

மலையகத்திலும் நீலகிரியிலும் தரிசான சரிவுகளில் மரம் நடுகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சமவெளியில் வளர்த்துப் பையில் விற்கும் 'வேம்' என்ற வேர்ப்பூஞ்சை உரத்தை மட்டும் நம்பி நடாதீர்கள். நடப்போகும் அதே இனம் அதே உயரத்தில் நன்றாக நிற்கும் இடத்தில், நோயில்லாத மரத்தின் வேரடி மண்ணைக் கொஞ்சம் எடுத்து நாற்றுப்பையில் கலந்து பாருங்கள்.