கேள் என்னும் வினைச்சொல்

தமிழ்ப் பாடத்தில் உங்களை மிகவும் அச்சுறுத்துவது எது என்று கேட்டால், பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் ஒரே குரலில் ‘பகுபத உறுப்பிலக்கணம்’ என்போம். பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று ஒரு சொல்லைப் பிரித்து எழுதுவதற்குள் எங்கள் கை ஓய்ந்துவிடும். அந்த இலக்கணமே எங்களைத் தலைகுனிய வைத்த கதையை இங்கே எழுதுகிறோம்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை இலக்கிய மன்றக் கூட்டம் நடந்தது. கடற்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து உடன்குடிக்குப் பேருந்தில் வந்து படிக்கும் எங்கள் தோழி ஒருத்தி அன்றுதான் முதன்முறையாக மேடை ஏறினாள். “கடலைப் பத்திச் சொல்லுதேன்” என்று தொடங்கினாள். முன்வரிசையில் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். உடனே நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவள் இரண்டு வாக்கியம் தடுமாறிப் பேசிவிட்டு, கண் கலங்க இறங்கிவிட்டாள். வீட்டில் அம்மாவிடம் நாங்களும் ‘சொல்லுதேன்’, ‘பண்ணுதேன்’ என்றுதான் பேசுகிறோம். அது அப்போது எங்கள் நினைவுக்கு வரவில்லை. அதன்பின் வகுப்பில் வாசிக்கச் சொன்னால்கூட அவள் தொண்டை வலி என்று உட்கார்ந்துவிடுவாள்.

தமிழாசிரியை சிஸ்டர் எங்களைக் கடிந்துகொள்ளவில்லை. மறு வாரம் கரும்பலகையில் ‘கேட்டான்’ என்று எழுதிப் பிரிக்கச் சொன்னார்கள். ‘கேள்’ பகுதி, அது ‘கேட்’ என ஆனது விகாரம், ‘ட்’ இறந்தகால இடைநிலை, ‘ஆன்’ ஆண்பால் விகுதி என்று ஒப்பித்தோம். அதன் கீழே ‘செஜெம் – என் – எஃப்’ என்று எழுதினார்கள். நாங்கள் விழித்தோம்.

அது பழங்கால எகிப்து மொழியாம்! ‘செஜெம்’ என்றால் கேள். ‘என்’ செயல் முடிந்ததைக் காட்டும். ‘எஃப்’ என்றால் அவன். ஆக, ‘அவன் கேட்டான்’. கடைசியில் ‘எஃப்’ போய் ‘எஸ்’ வந்தால் ‘அவள் கேட்டாள்’. நம் மொழிக்கும் அதற்கும் உறவு இல்லை. ஆனாலும் பகுதி, இடைநிலை, விகுதி என்று வரிசை எவ்வளவு பொருந்துகிறது! எகிப்து மொழி கற்போர் வினைச்சொல்லைப் படிப்பதற்குப் பெரும்பாலும் இந்தக் ‘கேள்’ என்னும் சொல்லையே எடுத்துக்கொள்வார்களாம்.

“ஆனால் எகிப்தியர் அந்தச் சொல்லை எப்படி உச்சரித்தார்கள் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை” என்றார்கள் சிஸ்டர். அந்தச் சித்திர எழுத்தில் மெய்யொலிகளை மட்டுமே எழுதினார்கள், உயிரொலிகளை எழுதவில்லை. நடுவில் உள்ள ‘எ’ எல்லாம் இக்கால அறிஞர்கள் படிக்க வசதியாகச் சேர்த்துக்கொண்டவை. அதனால் ‘அவன் கேட்பான்’ என்பதும் ‘அவன் கேட்கட்டும்’ என்பதும் எழுத்தில் ஒன்றுபோலவே இருக்கக்கூடும். 1822-இல் ஷம்போலியன் என்னும் பிரெஞ்சு அறிஞர் அந்த எழுத்தின் புதிரை அவிழ்த்தபோது, அவருக்குக் கைகொடுத்தது கோப்திக் மொழி. எகிப்து மொழியின் கடைசி வடிவமான அது, எகிப்தின் கோப்திக் திருச்சபை வழிபாட்டில் இன்றும் ஒலிக்கிறது. அதில் ‘கேள்’ என்பது ‘ஸோதெம்’.

“பேசுவோர் இல்லாத மொழியைக் கற்கக் கல்லும் ஏடும் வேண்டும். பேசுகிற மொழியைக் கற்க என்ன வேண்டும்?” என்று கேட்டுவிட்டு, சிஸ்டர் எங்களை நைல் நதியிலிருந்து நம் தாமிரபரணிக்கு அழைத்து வந்தார்கள்.

தாமிரபரணி கடலில் கலக்கும் இடத்தில் இருக்கிறது புன்னைக்காயல். போர்ச்சுக்கலில் பிறந்து, 1546-இல் இந்தியா வந்து, இந்த முத்துக்குளித்துறைக் கரையில் 1600-இல் இறக்கும்வரை உழைத்தவர் அண்டிரிக் அடிகளார் எனப்படும் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ். தொடக்கத்தில் அவருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசினார். பிறகு லத்தீன் இலக்கணத்தைப் போல, தமிழ் வினைச்சொற்களை இறந்தகாலம், எதிர்காலம் என்று வகைப்படுத்தி எழுதலானார். ஐரோப்பியர் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்துள்ள முதல் தமிழ் இலக்கணம் அதுவே. கையெழுத்துப் பிரதியாகவே லிஸ்பன் நூலகத்தில் இருந்த அந்த நூல் 1982-இல்தான் அச்சேறியது. 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ என்ற தமிழ் நூலைத் தந்தவரும் அவரே.

அவருடைய இலக்கணத்தில் இருப்பது புலவர்களின் செய்யுள் தமிழ் அன்று. நம் கடற்கரை மக்கள் நானூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் பேசிய தமிழ். கடல் கடந்து வந்த ஒருவர் அந்த மக்களின் வினைச்சொற்களைக் காது கொடுத்துக் கேட்டார். ஒவ்வொன்றாக எழுதி வைத்தார். அதே கரையில் பிறந்தவளின் ஒரு வினைச்சொல்லைக் கேட்டு நாங்கள் சிரித்தோம்! சிஸ்டர் அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே எங்களுக்குச் சுட்டது.

அன்று மதிய உணவு வேளையில் அவளிடம் போய் மன்னிப்புக் கேட்டோம். அவள் உடனே பேசவில்லை. “அன்னைக்குச் சொல்ல வந்ததை இப்போ சொல்லேன், நாங்க கேக்கோம்” என்றோம். வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, வாடை எது, கொண்டல் எது, கச்சான் எது, எந்தக் காற்றில் அவள் அப்பா கடலுக்குப் போகமாட்டார் என்று மணி அடிக்கும்வரை சொன்னாள். எங்களில் ஒருவருக்கும் அதுவரை அது தெரியாது.

தேர்வில் எழுத வேண்டிய தமிழைப் பிழையின்றி எழுதக் கற்றுக்கொண்டுதான் ஆகவேண்டும். அதில் நாங்கள் சலுகை கேட்கவில்லை. ஆனால் வீட்டிலும் கரையிலும் வழங்கும் சொல்லை இனி எள்ளி நகையாடமாட்டோம். அவள் இன்னும் மேடை ஏறவில்லை. அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கிறாள். முன்வரிசையில் நாங்கள் இருப்போம், கேட்பதற்கு.