மண் காத்த ஆலயம்

உரோமை நகரில், கொலோசியம் அரங்கிற்கு அண்மையில் புனித கிளமெண்ட் ஆலயம் அமைந்துள்ளது. இன்று வழிபாடு நிகழும் கட்டடம் 12ஆம் நூற்றாண்டைச் சார்ந்தது. 1857இல் அயர்லாந்துத் துறவி ஜோசப் முல்லூலி அதன் தரைக்குக் கீழே அகழத் தொடங்கினார். 4ஆம் நூற்றாண்டுக் கிறித்தவ ஆலயம் ஒன்று வெளிப்பட்டது. அதற்கும் கீழே 1ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களும், மித்ரா என்னும் தெய்வத்தின் வழிபாட்டறையும் இருந்தன.

படியிறங்கிச் செல்வோர் சில நிமிடங்களில் ஆயிரம் ஆண்டுகளைக் கடக்கின்றனர். அடித்தளத்தில் நிலத்தடி நீர் ஓடும் ஒலி இடையறாது கேட்கிறது. காளையை வீழ்த்தும் மித்ராவின் உருவம் பொறித்த பலிபீடம் அங்கு நிற்கிறது.

பழையவற்றை முற்றிலும் இடித்தகற்றாது, மண்ணும் கல்லும் இட்டு நிரப்பி, அவற்றின்மேல் புதியதை எழுப்பினர் அக்கால மக்கள். வென்ற சமயத்தின் ஆலயத்திற்கு, மறைந்த சமயத்தின் சுவர்களே அடித்தளமாயின. தூர்ப்பதற்கு இட்ட மண்ணே அவற்றுக்குக் காப்பாகவும் அமைந்தது.